மூன்று காலுக்கு ஒரு சரிவு

தஞ்சாவூர்
6 டிசம்பர்

இல்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மயக்கம் தெளியத் தெளியத் தலையைத் தூக்கினாள். வலது முன்கால் இருந்த இடத்தை மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் அந்த இடத்தை.

நீ இதைக் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காலைத் தோளோடு எடுத்துவிட்டார்கள். பாதி விட்டுவைத்தால் அதை ஊன்றப் பார்த்து ஊன்றப் பார்த்துப் புண்ணாக்கிக்கொள்ளுமாம். சொன்னவர் டாக்டர் அனுராதா. அறுவை செய்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். நாய்கள் சீக்கிரம் பழகிவிடும், கூட இருப்பவர்களுக்குத்தான் நாளாகும் என்றார். எல்லோரிடமும் சொல்வார் போலிருக்கிறது.

ஒரத்தநாட்டுக் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நீ கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவளைச் சாக்கில் கிடத்தி, சீட்டைக் கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாய். சீட்டில் உன் கையெழுத்து. பெயர்: கலெக்டர். பெண். வயது ஆறு. காரணம்: பைக் இடித்தது.

கம்பவுண்டர் பெயரைப் படித்துச் சிரித்தார். அம்மா வைத்த பெயர் என்றேன். மகள் கலெக்டருக்குப் படிக்கமாட்டேன், வரலாறுதான் படிப்பேன் என்று நின்றபோது, வாய்க்கால் கரையில் கிடந்த குட்டியைத் தூக்கிவந்து, "வீட்டுக்கு ஒரு கலெக்டர் வந்தாச்சு. இனிமே நீ என்னத்தையோ படிச்சிக்க" என்றவள் என்றேன். முன்பின் தெரியாதவரிடம் எதற்கு இதெல்லாம்? எதையாவது பேச வேண்டியிருந்தது.

என் வீட்டுக்கார அக்கா ஹலீமாவுக்குத்தான் நீ முதலில் போன் செய்திருக்கிறாய். மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "கலெக்டருக்கு ஒடம்பு முடியலையாம்மா. அதுக்கு ஒங்கண்ணன் ஏன் அழுவுறாரு?"

அவர்தான் இடம் கொடுத்திருக்கிறார். "வூட்டுக்குள்ள மட்டும் வேணாம்மா. போர்டிகோவுல இருக்கட்டும், பாவம்." ஜனவரி பத்து வரை. அதற்குப் பிறகு அவர் மகளின் நிக்காஹ், பந்தல் அங்கேதான். என் அறைக்குப் பத்தொன்பது படி. ஆகவே அவள் உன்னிடம்தான் வர வேண்டும். வேறு இடம் இருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

நீ டைல்ஸ் போட்டிருக்கிறாய். மூன்று காலால் அதில் நிற்க முடியாது. வழுக்காத எதையாவது விரி. அறை முழுக்க, வாசல் வரை. வாசலில் மூன்று படி. அது கூடாது. சரிவு வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைக் கொஞ்சம் உயரத்தில் வை. குனிந்தால் முன்பக்கம் சாய்ந்து விழுகிறாள். தூக்கி நிறுத்த ஈரிழைத் துண்டு போதும், வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். சோறு குறைத்துப் போடு. முன்பாரம் முழுக்க இனி இடது கால் ஒன்றின் மேல்.

போன் செய்யாதே. எழுது. ஆவணியில் நான் ஆராய்ச்சி வேலையாக டெல்லியில் இருந்தபோது, "சாதாரணக் காய்ச்சல்தான், வேலைய முடிச்சிட்டே வா" என்றாய். வந்தபோது அம்மாவை எரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. உன் குரலில் எனக்கு இன்னும் அந்த வரிதான் கேட்கிறது.

பைக் எப்படி இடித்தது என்று எழுது.

எழில்மொழி


வடக்குவெளி, கீழ்வேளூர் வழி
9 டிசம்பர்

எழிலுக்கு அண்ணன் அறிவுச்செல்வன் எழுதுவது.

கடிதம் வந்தது. "என்ன தம்பி, கோர்ட்டா?" என்று கேட்டுக்கொண்டே தபால்காரர் கொடுத்தார். கையால் விலாசம் எழுதிய உறை இந்தத் தெருவுக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சோ. நான் பேப்பரில் எழுதியும் அத்தனை வருஷம் இருக்கும். தப்பு இருந்தால் திருத்திக்கொள்.

அன்றைக்கு நீ வரும்வரை இருந்திருக்கலாம். டாட்டா ஏஸ் வண்டிக்காரன் அவசரப்பட்டான் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அவன் அவசரப்படவில்லை. டீ குடித்துக்கொண்டு நின்றான். நீ பஸ்ஸை விட்டு இறங்கி என்னை ஒரு பார்வை பார்ப்பாயே, அதை நினைத்தேன். கிளம்பிவிட்டேன்.

பைக் சமாச்சாரம். சாயங்காலம் ரோட்டோரம் நின்றிருக்கிறது. யாரோ வெளியூர்க்காரன். நிற்காமல் போய்விட்டான். நம்பர் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நீ சொன்ன வேலையெல்லாம் ஆரம்பித்துவிட்டேன். முதலில் நெல் சாக்கைப் பிரித்து விரித்தேன். கால் வைத்தால் சாக்கே நகர்கிறது. அப்புறம் மாட்டுக் கொட்டகையில் போடுகிற ரப்பர் மேட் ஞாபகம் வந்தது. மேலே கோடு கோடாக வெட்டு இருக்கும், மாடு வழுக்காது. மாடுதான் இப்போது இல்லையே. அதைப் பெயர்த்து, ஒரு பகல் வெயிலில் போட்டு, தேய்த்துக் கழுவி, அம்மா படுத்த அறையில் போட்டேன். நாற்றம் போய்விட்டது. கொஞ்சம் இருக்கிறது. அதற்கு அந்த நாற்றம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சரிவும் போட்டாச்சு. செங்கல் அடுக்கி, மேலே சிமெண்ட் பூசி, நானே. எலி பிடிக்கிற பஞ்சநதம் மாமா வந்து நின்று பார்த்தார். "என்னடா ரோடு போடுற? பொண்ணு வூட்டுக்காரங்க வாராங்களா?"

"கலெக்டர் வர்றாங்க மாமா."

"அதான பாத்தேன். கலெக்டர் வந்தாத்தான் இந்தூருல ரோடு போடுவானுங்க."

சிரித்தோம். அப்புறம் அவர் செங்கல் இரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சரிவின் உயரம் ஒன்றரை அடி, நீளம் மூன்றடி. போதுமா என்று டாக்டரிடம் கேட்டு எழுது.

<s>என்னைத் தேடுகிறதா?</s> இந்த வரியை அடித்துவிட்டேன். அடித்தும் படிக்க முடிகிறது. இருக்கட்டும்.

அறிவு


தஞ்சாவூர்
13 டிசம்பர்

மூன்றடி போதாது. ஒன்றரை அடி ஏற ஏழடியாவது வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், இறங்கும்போது உடம்பு முழுக்க முன்னால் வரும் என்கிறார் டாக்டர். உடைத்துவிட்டுத் திரும்பப் போடு. வழவழப்பாகப் பூசாதே. ஈரம் காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்கே இழுத்துவிடு.

பத்தாம் தேதி போர்டிகோவுக்குக் கொண்டுவந்தோம். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. ஹலீமா அக்கா, "கலெக்டரம்மா லவுட் ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு வந்துருக்காங்க" என்றார். வெந்த சோறும் கோழி ஈரலும் தின்கிறாள். மாத்திரையை ஈரலுக்குள் வைத்தால் ஈரலைத் தின்றுவிட்டு மாத்திரையை என் செருப்புக்குப் பக்கத்தில் வைக்கிறாள்.

நேற்று ஏழு எட்டு அடி நடந்தாள். தாவல் என்றுதான் சொல்ல வேண்டும். விழுந்தாள். எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

படுத்திருக்கும்போது பின்னங்காலைத் தூக்கி, இல்லாத காலைச் சொறிகிறாள். வெறும் காற்றில். வெகுநேரம்.

தேடுகிறாள். கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் கூம்பு திரும்புகிறது. யாரை என்று எனக்குத் தெரியாது.

இனி நீ அடிக்காமல் எழுதிய வரிகள்.

எக்ஸ்ரேயைப் பார்த்தேன். எலும்பில் கீறல்கூட இல்லை. பைக் இடித்த கால் அப்படி இருக்காது. டாக்டர் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். நீல நைலான் கயிறு. ஒரு சாண் இருக்கும். சுருக்கு இறுகியபடி. முனையில் மூங்கில் சிராய். பாதத்துக்குச் சற்று மேலே தோலுக்குள் புதைந்து கிடந்ததாம். அதற்கு மேலே வேட்டித் துணி. துணிக்கும் கயிற்றுக்கும் நடுவில் மஞ்சள்.

அவர் கோயம்புத்தூர்க்காரர். "இது என்ன கயிறுங்க?" என்றார். சொன்னேன். கிட்டி. எங்கள் பக்கம் வயலில் எலிக்கு வைப்பது. மூங்கிலை வளைத்து வில் மாதிரிக் கட்டி, நடுவில் இரையை வைத்திருப்பார்கள். எலி வாய் வைத்ததும் வில் விடுபட்டு, கயிறு கழுத்தை நெரிக்கும். எலிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

"எலிக்கு வைச்சதுல நாய் கால விட்டிருக்கு. சரி. அதுக்கு மேல யாரு கட்டுப் போட்டது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நோய்க்குறிப்பில் எழுத வேண்டும் என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

அவளை உன்னிடம் அனுப்புவதா வேண்டாமா என்பது சரிவைப் பொறுத்தது இல்லை.

எழில்


வடக்குவெளி
17 டிசம்பர்

எழிலுக்கு,

கட்டுப் போட்டது நான்தான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நவம்பர் 26. நம்ம மூன்று மா வயலிலும் எலி வெட்டு அதிகம். பஞ்சநதம் மாமா அன்றைக்கு அறுபது கிட்டி வைத்தார். விடிந்து எடுத்தபோது ஐம்பத்தொன்பதுதான் இருந்தது. "ஒண்ணு கொறையுது தம்பி. வரப்பு வரப்பா ஒரு நடை பாத்துருவோம்" என்றார். இரவெல்லாம் மழை. பயிர் முழுகிக் கிடந்தது, வடிகாலை வெட்டிவிட வேண்டும். "நரி கிரி தூக்கிட்டுப் போயிருக்கும் மாமா, வுடுங்க" என்றேன். அவர் மறுபடியும் சொன்னார். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பருத்திக் கயிறு மழையில் இற்றுப்போகிறது, நைலானில் கட்டுங்கள் என்று போன வருஷம் சொன்னதும் நான்தான். பருத்தியாக இருந்திருந்தால் அது கடித்தே அறுத்திருக்கும்.

அன்று சாயங்காலம் நொண்டிக்கொண்டு வந்தது. வில் உடைந்து எங்கேயோ விழுந்துவிட்டது போல. கயிறு மட்டும் முடிக்குள்ளே. நான் பார்க்கவில்லை. கருவேல முள் என்று நினைத்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டேன், அம்மா நமக்குப் போடுகிற மாதிரி. நக்கிவிடக்கூடாது என்று வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். வீக்கம் ஏற ஏறப் பழைய பத்தின் மேலேயே புதுப் பத்து. கட்டு நழுவாமல் இருக்க இன்னும் கொஞ்சம் இறுக்கம். மூன்றாம் நாள் என் கையைப் பார்த்து உறுமியது. வாயைக் கட்டிவிட்டுக் காலைக் கட்டினேன்.

இரண்டு மூன்று நாள் அழுதுகொண்டே இருந்தது. நாலாம் நாள் அழுகையை நிறுத்திவிட்டது. வலி விட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன் எழில். அன்றைக்கு மீன் வாங்கி வந்து போட்டேன்.

ஆறாம் நாள் வாடை வந்தது. அவிழ்த்தேன். அடித் துணி சதையோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. அதற்கு மேல் எழுதவில்லை.

கீழ்வேளூரில் பார்த்துவிட்டு ஒரத்தநாட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பைக் என்று வாயில் வந்தது.

சரிவை உடைத்துவிட்டு ஏழடிக்குப் போட்டேன். எங்கே வழுக்கும் என்று எப்படித் தெரியும்? வலது கையை உடம்போடு துண்டால் கட்டிக்கொண்டு, முட்டி போட்டு, ஒரு கையால் ஊன்றி ஏறிப் பார்த்தேன். பஞ்சநதம் மாமா வந்துவிட்டார். "என்னடா மருமவனே, வேண்டுதலா? எந்தச் சாமிக்கு?" என்றார். நான் இறங்கிக்கொண்டிருந்தேன். நீ சொன்னது சரி. இறங்கும்போதுதான். இடது மணிக்கட்டு மடங்கி, மோவாய் தரையில் இடித்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு வந்து கட்டை அவிழ்த்துவிட்டார். "நான் ஒரு நடை தனியா போயிப் பாத்துருக்கணும்டா" என்றார். வேலை சொன்னவன் நான்.

துடைப்பத்தால் குறுக்கே இழுத்துவிட்டேன். காய்ந்துவிட்டது. இப்போது வழுக்கவில்லை.

அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம்.

அறிவு


தஞ்சாவூர்
20 டிசம்பர்

தையல் பிரித்தாயிற்று. இருபத்திரண்டு. அவள் அசையவில்லை.

உன் கடிதத்தை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். உனக்கு என்ன எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். நல்ல வரிகள். கூர்மையானவை. அவற்றை எழுத முடியாமல் போய்விட்டது.

டாக்டர் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறார். "ஆரம்பத்துல எடுத்த போட்டோ ஏதாவது இருக்காங்க? ஒங்க அண்ணன் எடுத்திருப்பாரா?" என்றார். அம்மா போனதிலிருந்து வாட்ஸ்அப்பில் உன் பெயர் வராதபடி ஒதுக்கி வைத்திருந்தேன். இன்று திறந்தேன்.

நவம்பர் 27, மாலை 5.42. மூன்று படங்கள். அடியில்: "கால் வீங்கிருக்கு. முள்ளா இருக்குமோ. பாத்து சொல்லு." மறுநாள் காலை: "எழிலு பாத்தியா." பிறகு ஒன்றும் இல்லை.

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினேன். செம்பட்டை முடிக்கு நடுவே ஒரு நீலக் கோடு. தலைமுடி அளவு.

அன்றைக்கே பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா? தெரியாமலும் போயிருக்கலாம். கயிறு என்று தெரிந்த பிறகு பார்ப்பதால்தான் கோடு தெரிகிறதோ என்னவோ. பத்துத் தடவை படத்தை மூடித் திறந்தேன். பத்துத் தடவையும் தெரிகிறது.

ஐந்தே முக்கால் மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நூலகத்தில் இருந்தேன். போன் மேசை மேல்தான் இருந்தது.

நீ இதை ஏன் எழுதவில்லை? நான்கு பக்கம் எழுதினாய். நைலான் வரைக்கும் எழுதினாய். "உனக்குப் படம் அனுப்பினேன், நீ பார்க்கவில்லை" என்று ஒரு வரி. அது மட்டும் இல்லை. எனக்கு வலிக்கும் என்று விட்டுவிட்டாய். அம்மா விஷயத்திலும் இதையேதான் செய்தாய். எனக்கு எது வலிக்க வேண்டும் என்று நீ ஏன் முடிவு செய்கிறாய்? உன்னை யார் கேட்டது?

என்னையே மன்னிக்க முடியாதபடி ஆகிவிட்டது. உன்னை எங்கே?

27ஆம் தேதி வண்டி கொண்டுவா. அவள் வரட்டும்.

எழில்


வடக்குவெளி
23 டிசம்பர்

எழிலுக்கு,

படத்தைப் பற்றி எழுதினால் நீ தாங்கமாட்டாய் என்று நினைத்தேன். அதுதான். வேறு காரணம் இல்லை.

அம்மாவைப் பற்றியும் ஒன்று இருக்கிறது. நாலு மாசமாகச் சொல்லவில்லை. இனிமேல் மறைக்கிற வேலை வேண்டாம் என்று எழுதுகிறேன். வேண்டாமென்றால் இதோடு மடித்து வைத்துவிடு.

அம்மாதான் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றது என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். உன் காதுக்கும் வந்திருக்கும். அது பொய். அம்மா உன்னைக் கேட்டது. இரண்டு தடவை. முதல் தடவை, "எழிலு எப்ப வருது?" என்றது. உன்னிடம் கேட்காமலே வெள்ளிக்கிழமை என்றேன். இரண்டாம் தடவை, "இன்னைக்கு என்ன கெழம?" என்றது. அன்றைக்கு வியாழன். வியாழன் என்று சொன்னேன். சரி என்றது.

காய்ச்சல் இறங்கிவிடும் என்று நிஜமாகவே நினைத்தேன். இறங்கவில்லை என்று தெரிந்தபோது உனக்குச் சொல்லப் பயம் வந்துவிட்டது. ஒரு நாள் தள்ளினேன். அவ்வளவுதான் நடந்தது.

27 காலை பத்து மணிக்கு வருகிறேன். ரப்பர் மேட் மேல் மெத்தை மாதிரி வைக்கோல் திணித்துத் தைத்து வைத்திருக்கிறேன். கிண்ணத்துக்குச் செங்கல் இரண்டு. வாசலில் தெருநாய் வராமல் இருக்கப் படல் கட்டியாச்சு. வேறு ஏதாவது வேண்டுமா?

அறிவு


வடக்குவெளி
28 டிசம்பர்

எழிலுக்கு,

நேற்று நீயும் பார்த்தாய். நீ பேசவில்லை, நானும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வண்டி சத்தம் கேட்டதும் வால் ஆடியதே, பார்த்தாயா? கேட்டைத் திறந்தபோதும் ஆடியது. மூன்று காலில் தாவித் தாவிப் பாதி தூரம் வந்தது. எவ்வளவு அழகாக வந்தது! நான் குனிந்து கையை நீட்டினேன். அப்போதுதான்.

கையைத்தான் பார்த்தது. என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் நகரப் பார்த்து, நகர வலது கால் இல்லாமல், மோவாய் இடித்து விழுந்தது. விழுந்த இடத்திலேயே மூத்திரம் விட்டது. "கிட்ட வராதீங்க தம்பி, வராதீங்க" என்று ஹலீமா அம்மா கத்தினார்கள். நான் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டேன்.

வெறும் வண்டியோடு திரும்பும் வழியில் டிரைவர், "கோச்சிக்கிட்டு இருக்குண்ணே, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றான். கோபம் இல்லை அது. கோபமாக இருந்திருந்தால் கடித்திருக்கும். கடித்திருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும்.

இங்கே அனுப்பாதே. என்னோடு இருந்தால் தினமும் பயந்து பயந்து விழும். இருக்கிற காலும் போய்விடும். வேறு நல்ல இடமாகப் பார்.

சரிவு கிடக்கட்டும். மழைக்கு நெல் மூட்டையைத் தள்ளிக்கொண்டு ஏற உதவும்.

அறிவு


தஞ்சாவூர்
1 ஜனவரி

அண்ணே,

வியாழன் என்று சொன்னதற்கு அம்மா சரி என்றாள் என்று எழுதியிருந்தாய். அதை மடித்து வைக்கவில்லை. தினமும் படிக்கிறேன். வலிக்கிறது. இது எனக்குச் சேர வேண்டிய வலி. நாலு மாதமாக இது உன்னிடம் இருந்திருக்கிறது.

உன்மேல் இருப்பது போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை.

கலெக்டர். நீ போன பிறகு வெகுநேரம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை வைத்து எதையும் நினைத்துக்கொள்ளாதே. நானும் நினைத்துக்கொள்ளவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். அந்தக் கை வந்தால் வலி வரும் என்று அவளுக்குத் தெரியும், அதை அழிக்க மருந்து இல்லை என்றார். மாதக்கணக்கில் ஆகலாம். ஆகாமலும் போகலாம். வல்லம் பக்கம் ஒரு பண்ணை இருக்கிறதாம், இப்படிப்பட்ட நாய்களை வைத்துப் பார்க்கிறார்களாம். நாற்பது நாய். போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாய்க்கும் எண் எழுதிய தகடு. பெயர் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நாற்பத்தொன்று என்று எழுதிக்கொண்டார்கள்.

பத்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

எழில்


வடக்குவெளி
4 ஜனவரி

எழிலுக்கு,

பண்ணைக்கு அனுப்பாதே. நாற்பது நாய்க்கு நடுவில் மூன்று காலோடு சோற்றுக்கு முண்டியடிக்க அதற்குத் தெரியாது. அம்மா தட்டில் வைத்து ஊட்டி வளர்த்த நாய் அது.

நான் ஒன்று யோசித்தேன். பயம் என்னைப் பார்த்துத்தானே. வீட்டைப் பார்த்து இல்லையே. நான் மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுகிறேன். கயிற்றுக் கட்டில் கொண்டுபோய்ப் போட்டாச்சு. கூரை ஒழுகுகிற இடத்தில் தார்ப்பாய். கதிர் முற்றுகிற சமயம், எப்படியும் காவலுக்கு ஆள் வேண்டும். ஊரில் கேட்டால் அதைச் சொல்லிக்கொள்கிறேன். இல்லை, வேண்டாம். நாய்க்கு என்னைக் கண்டால் பயம், அதனால்தான் என்றே சொல்லிவிடுகிறேன். நேற்று பஞ்சநதம் மாமாவிடம் அப்படித்தான் சொன்னேன். "நாய்க்காவ வூட்டக் காலி பண்ணுனவன இப்பத்தான் பாக்குறேன்" என்றார். அப்புறம், "எனக்கும் ஒரு கட்டில் போடு" என்றார்.

ஆனால் வீட்டில் யாராவது இருக்க வேண்டும். அந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன் என்று ஆவணியில் சொல்லிவிட்டுப் போனாய். அதை மாற்றிக்கொள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. படியை உடைத்துச் சரிவாக்கிவிட்டேன், அதனால் சொன்ன சொல் தவறாது என்று வேடிக்கையாக எழுதலாம் என்று பார்த்தேன். வேடிக்கையாக வரவில்லை.

வருவதாக இருந்தால் ஒரு வரி எழுது. அன்றைக்கு நான் கண்ணில் படமாட்டேன். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன்.

அறிவு


வடக்குவெளி, வீடு
11 ஜனவரி

அண்ணே,

இதைத் தபாலில் போட முடியாது. நீ இங்கிருந்து அரை கிலோமீட்டர்.

பல்கலைக்கழகத்தில் இரண்டு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நேற்று பதினொரு மணிக்கு வந்தோம். வண்டியிலிருந்து இறக்கியதும் துண்டைக் கொடுக்கவிடவில்லை. தானே சரிவு வரை போனாள். நின்றாள். மோந்தாள். ஏறினாள். ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. மேலே போய் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கீழேதான் நின்றிருந்தேன். எனக்குத்தான் நேரம் ஆனது.

எல்லா இடத்தையும் பார்த்துவிட்டாள். அம்மா அறையில் கட்டில் கிடந்த மூலையில் கொஞ்ச நேரம். அடுப்படி. கொல்லை. நீ படுக்கும் அறையின் வாசலில் நின்று உள்ளே மோந்தாள். உள்ளே போகவில்லை. உடம்பு நடுங்கியது. பிறகு வந்து ரப்பர் மேட்டில் படுத்தாள். வைக்கோல் மெத்தை பிடித்திருக்கிறது. கிண்ணம் இன்னும் ஒரு செங்கல் உயர வேண்டும், வைத்துவிட்டேன்.

காலையில் உன் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. காது நிமிர்ந்தது. வால் இரண்டு தடவை தரையில் தட்டியது. பிறகு நின்றுவிட்டது. இரண்டும் அவளிடம் இருக்கிறது. இதற்கு மேல் இதில் எனக்கு ஒன்றும் தெரியாது. என்னிடம் இருப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். பொங்கலுக்குள் சரியாகும் என்று சொல்லமாட்டேன். அடுத்த பொங்கலுக்குள் என்றும் சொல்லமாட்டேன். அவள் உன் கை தன்மேல் படவிடாமலே போய்விடலாம்.

சோறு பஞ்சநதம் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்தத் தாளும் அதோடு வரும். எழுதுவதை நிறுத்தாதே. உனக்கு இப்போதுதான் எழுத வருகிறது.

மாமா வாசலில் நிற்கிறார். "என்னம்மா, பரீட்சையா எழுதுற? குழம்பு ஆறுது" என்கிறார். அவர் வருவதற்கு முன் ஒன்று செய்தேன். கொடியில் நீ துவைக்காமல் விட்டுப்போன சட்டை ஒன்று தொங்கியது. அதை எடுத்து, மேட்டில் அவள் படுத்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி விரித்தேன். அவள் மோந்து பார்த்துவிட்டு எழுந்து, சுவரோரம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சட்டையை நான் எடுக்கவில்லை.

எழில்